செம்பியன் மாதேவி ஒருநாள் வேன் சுற்றுலா: ஒரு பத்திர எழுத்தரின் மதிப்புரை

ஆளுக்கு 1,850 ரூபாய். காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, வழிகாட்டி, ஆறு பக்கக் கையேடு, இரண்டு தண்ணீர் பாட்டில் எல்லாம் இதில் அடக்கம். அர்ச்சனைத் தட்டும் தட்சணையும் நம் பாடு. செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி, கண்டராதித்தரின் மனைவி, உத்தம சோழனின் தாய். அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில், அவர் கட்டிய கோயில்களுக்கு என்று புதுச்சேரியில் உள்ள ஒரு சிறிய சுற்றுலா நிறுவனம் இந்தப் பயணத்தை நடத்தியது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இரண்டே வேன் வைத்துப் பிழைக்கிற பிள்ளைகள். நான் சொல்லப்போகும் குறைகளோ கொஞ்சம் காரமானவை.

என்னைப் பற்றி ஒரு வரி. கடலூரில் 31 ஆண்டுகள் பத்திரம் எழுதினேன். கிரயம், அடமானம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில் எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளைப் படிக்கப் பழகினேன். படித்த முதல் வாரமே தெரிந்துவிட்டது, இதுவும் நம் தொழில்தான் என்று. எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர், நான்கெல்லை, சாட்சி, எழுதியவன் கையொப்பம். கடைசியில் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று ஒரு ஆயுள். முத்திரைத்தாள் மட்டும்தான் இல்லை. ஆகவே இந்தப் பயணத்தைப் பக்தையாக அல்ல, பழைய பத்திரம் சரிபார்க்கப் போகிறவளாகத்தான் பதிவு செய்தேன்.

காலை ஐந்தரைக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயில் அருகே வேன் வரும் என்றார்கள். ஐந்து இருபத்தைந்துக்கே வந்து நின்றது. இது பாராட்ட வேண்டியது. பன்னிரண்டு பேர் உட்காரும் வேன், இருக்கைகள் சுத்தம், குளிர்சாதனம் வேலை செய்தது. வேலை செய்ததில்தான் ஒரு தொல்லை: அது போடுகிற சத்தத்தில் வழிகாட்டி பேசுவது பின் இரண்டு வரிசைக்குக் கேட்கவில்லை. ஒலிபெருக்கி வைத்திருந்தார், அதன் பேட்டரி புதுச்சேரி தாண்டும்போதே தீர்ந்துவிட்டது. அக்கினி நட்சத்திர வெயிலில் குளிர்சாதனத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கு மனம் வரும்? வரலாறு வேண்டுமா, காற்று வேண்டுமா என்று கேட்டால் எல்லோரும் காற்றைத்தான் கேட்பார்கள், நான் உட்பட.

சிற்றுண்டி வாழையிலைப் பொட்டலம். வெண்பொங்கல் சூடாக, நெய் கஞ்சத்தனம் இல்லாமல் இருந்தது. மிளகை முழுதாகப் போட்டிருந்தார்கள், சரி. வடை மட்டும் நேற்றைய வடை. இதற்கு மேல் சிற்றுண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கையேட்டைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. அட்டையில் ஓர் அழகான வெண்கலப் படிமத்தின் படம், கீழே 'செம்பியன் மாதேவியாரின் உண்மை உருவம்' என்று வாசகம். அந்தப் படிமம் வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அது மாதேவியாரின் உருவமாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். பார்வதி என்று சொல்கிறவர்களும் உண்டு. தீராத வழக்கைத் தீர்ந்ததாக எழுதுவது பத்திரத்தில் வில்லங்கத்தை மறைப்பது போன்றது. உள்ளே 'கணவனை இழந்த துயரத்தில் பக்தியில் கரைந்த பேதை' என்று ஒரு வரி. அந்தப் 'பேதை'யைப் படித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடுதான் திருவக்கரையில் இறங்கினேன்.

திருவக்கரை வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது. பெரும்பாலோர் வக்கிரகாளியம்மனுக்காக வருகிறவர்கள். பௌர்ணமிக்குக் கூட்டம் நெரியும். நாங்கள் போனபோது கூட்டம் ஓய்ந்திருந்தது. வழிகாட்டித் தம்பி காளி சன்னிதியில் அரைமணி நேரம் கதை சொன்னார். கொடிமரமும் நந்தியும் மூலவரும் நேர்க்கோட்டில் இல்லாமல் விலகி நிற்பதைக் காட்டினார். மூன்று முகம் கொண்ட லிங்கத்தையும் நன்றாகவே விளக்கினார். அவர் தொண்டை நல்ல தொண்டை, உச்சரிப்பு சுத்தம். ஆனால் நாங்கள் 1,850 ரூபாய் கொடுத்தது யாருக்காக? சந்திரமௌலீசுவரர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் மாதேவியார் என்பதற்கு ஒரு நிமிடம்தான் கிடைத்தது. 'இது முதலாம் இராசராசன் காலத்தில், 1001-இல் கட்டியது' என்று சொல்லிவிட்டு அடுத்த மண்டபத்துக்கு நடந்துவிட்டார்.

நான் அங்கேயே நின்று விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். கண்டராதித்தர் இறந்தது சுமார் 957. மகன் உத்தம சோழனின் ஆட்சி முடிந்தது 985. அப்படியானால் திருவக்கரைக் கோயில் எழும்பியபோது கணவர் போய் நாற்பத்து நான்கு ஆண்டுகள், மகன் காலம் முடிந்து பதினாறு ஆண்டுகள். அரியணையில் இருந்தவன் கணவருடைய தம்பியின் பேரன். இப்போது அவர் அரசனின் மனைவியும் அல்ல, அரசனின் தாயும் அல்ல. அந்த வயதிலும் அந்த நிலையிலும் ஒரு மூதாட்டியின் பெயரில் கல் அடுக்கப்பட்டிருக்கிறது. என் அலுவலக அனுபவத்தில், கணவனும் மகனும் இல்லாத கிழவியின் கையெழுத்துக்கு வீட்டிலேயே மதிப்பு இருக்காது. பங்காளிகள் பேனாவைக் கையில் திணித்துக் கூட்டிவருவார்கள். நான் பார்த்தது அதுதான். இந்த அம்மையாரின் கையெழுத்தோ ஐந்து அரசர்களைத் தாண்டி நின்றிருக்கிறது. இதைத் தம்பி சொல்லியிருக்க வேண்டாமா?

அடுத்து கல்மரப் பூங்கா. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஐம்பது நிமிடம், கோயிலில் மாதேவியாருக்கு ஒரு நிமிடம் என்றால் பயணத்தின் பெயரை மாற்றிவிடலாம். பூங்காவில் நிழலும் குறைவு. பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கு, 'அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்துகிறோம் அம்மா' என்றார் ஓட்டுநர். சொன்னபடி நிறுத்தினார். வேனில் பாதிப் பேர் அறுபது கடந்தவர்கள். இதை முன்கூட்டியே அட்டவணையில் எழுதியிருக்கலாம்.

விழுப்புரம் தாண்டி உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் திருநாவலூருக்குப் பிரியும் இடம் வரும். எனக்கு இந்தப் பயணத்தின் அருமையான இடம் அதுதான், வேன் அங்கே நிற்கவே இல்லை என்றாலும். பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தர் படையோடு தங்கியிருந்த ஊர் திருநாவலூர். 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரோடு நடந்த போரில், யானை மேல் இருந்தபடியே அவர் மாண்டார். அவர் மாண்டதால்தான் இளையவர் கண்டராதித்தருக்கு அரியணை வந்தது. மழவரையர் குடும்பத்துப் பெண் சோழநாட்டு அரசியானார். ஒரு சாவு எங்கோ நடக்க, ஒரு மருமகளின் தலையெழுத்து மாறிவிடுகிறது. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் இதை எத்தனை முறை எழுதியிருப்பேன்! மூத்தவர் வாரிசில்லாமல் காலமானார் என்ற ஒரே வரிக்குப் பிறகு சொத்து விவரம் முழுவதும் வேறு பக்கம் திரும்பும். அந்தப் பிரிவு சாலையைக் கடந்தபோது வழிகாட்டித் தம்பி கைப்பேசியில் யாரிடமோ விருத்தாசலத்தில் சாப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கைப்பேசியை வைத்துவிட்டு, எல்லோரும் காத்திருந்த கதைக்கு வந்தார். இராசராசனின் அண்ணனும் பட்டத்து இளவரசனுமான ஆதித்த கரிகாலனின் கொலை. குரலைத் தாழ்த்தி, ஓர் இடைவெளி விட்டு, 'யாருக்கு லாபம் என்று நீங்களே யோசியுங்கள்' என்றார். வேன் முழுவதும் 'அப்படியா!' என்றது. எனக்கு அடங்கவில்லை.

'தம்பி, இந்த வழக்கின் பத்திரம் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது?' என்று கேட்டேன்.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்கள் உறவினர்கள் வரை சொத்தைப் பறிமுதல் செய்வது பற்றிய ஆணை. நம் பாஷையில் ஜப்தி. தம்பி சாடை காட்டிய உத்தம சோழன் பெயர் அதில் இல்லை, அவன் தாய் பெயரும் இல்லை. சாட்சி இல்லாத இடத்தில் 'நீங்களே யோசியுங்கள்' என்று சொல்வது வம்பு, வரலாறு அல்ல. இதை நான் கொஞ்சம் பதமாகத்தான் சொன்னேன். தம்பி முகம் சுருங்கவில்லை. 'உடையார்குடிக் கல்வெட்டு தெரியும் அம்மா, ஆனால் ஜப்தி என்று சொன்னால் யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள்' என்றார். பிழைப்பு தெரிந்த பிள்ளை. அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கே போய்விட்டது.

மீதிப் பாதி விருத்தாசலத்தில் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். கோயில் நடை சாத்தியிருந்தது. மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பு. மதியம் கோயில் சாத்துவார்கள் என்பது இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், கோயில் சுற்றுலா நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? கல்மரங்களோடு செலவழித்த ஐம்பது நிமிடம் இங்கே மூன்று மணி நேரமாக வட்டி போட்டு நின்றது.

சாப்பாடு நன்றாக இருந்தது. ஒரு மெஸ்ஸில் வாழையிலை போட்டு, முருங்கைக்காய் சாம்பார், பூசணிக் கூட்டு, ரசம், கெட்டி மோர். கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். பிறகு போக்கிடம் இல்லை. மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். சுந்தரர் இறைவன் கொடுத்த பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொண்டார் என்ற கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். பணம் அனுப்பும் வசதியை நம் ஊர் அப்போதே கற்பனை செய்திருக்கிறது. கோபுரத்துக்கு வெளியே ஒரு கடையின் பந்தல் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம்.

அங்கேதான் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் கேட்டார்: 'புருஷன் போன பிறகு அந்த அம்மாவுக்கு இவ்வளவு பணம் யார் கொடுத்தார்கள்?'

அன்று கேட்கப்பட்டவற்றுள் உருப்படியான கேள்வி இதுதான். தம்பி, 'மகன் அரசன் அல்லவா அம்மா' என்றார். அது பாதிப் பதில். கண்டராதித்தர் இறந்தபோது உத்தமன் சிறு பிள்ளை. ஆட்சி கண்டராதித்தருடைய தம்பி அரிஞ்சயருக்குப் போய், அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்குப் போய், அதற்குப் பிறகுதான் இவனுக்கு வந்தது. அவன் முடிசூடும் முன்பும் மாதேவியார் தானம் கொடுத்திருக்கிறார், அவன் காலம் முடிந்தபின்பும் கட்டியிருக்கிறார். சோழ அரசிகள் தங்கள் பெயரில் பொன்னும் நிலமும் கொடுத்ததற்குக் கல்வெட்டுகள் ஏராளம். கொடுக்க வேண்டுமானால் முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டும். எந்தப் பத்திர எழுத்தரும் முதலில் கேட்பது, 'உங்களுக்கு இது எப்படிப் பாத்தியம்?' என்பதுதான்.

அந்தப் பந்தலில் இன்னொன்றையும் சொன்னேன். பத்திரத்தில் ஒரு பெண் தனியாக வரமாட்டாள். இன்னார் குமாரத்தியும், இன்னார் மனைவியும், இன்னார் தாயாருமான என்று மூன்று ஆண்களைத் தாண்டித்தான் தன் பெயருக்கு வருவாள். கல்வெட்டிலும் அதே வரிசை: மழவரையர் மகளார், கண்டராதித்த தேவர் பிராட்டியார், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர், அதன் பிறகு செம்பியன் மாதேவியார். அந்தப் பெயரும் சோழர் குடிப்பெயரோடு சேர்ந்தது. சோழ அரசிகள் வேறு சிலருக்கும் உண்டு. பிறந்த வீட்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது கல்லில் இல்லை. ஆனால் அத்தனை உறவையும் அடுக்கிவிட்டு வாக்கியம் முடிகிற இடத்தில் 'எடுப்பித்தார்' என்கிற வினை அவருடையது. லாஸ்பேட்டை அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் வீட்டுப் பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருப்பதாகச் சொல்லி, மாற்ற என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டார். கைப்பையில் இருந்த பேருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

நான்கு மணிக்கு நடை திறந்தது. அதன் பிறகு தம்பி வேறு ஆளாகிவிட்டார். மத்தியானம் கேட்டதெல்லாம் அவருக்குள் வேலை செய்திருக்க வேண்டும். உத்தம சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் இங்கே மாதேவியார் கட்டியவை வரிசையாகச் சொல்லப்பட்டிருப்பதை எடுத்துச் சொன்னார்: கருவறை, இறைவனுக்குத் திருமுழுக்காட்டும் ஸ்நபன மண்டபம், கோபுரம், சுற்றிலும் பரிவாரத் தெய்வங்களின் சன்னிதிகள். 'அம்மா சொன்ன மாதிரி, சொத்து விவரம்' என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நாம் இன்று அண்ணாந்து பார்க்கும் உயரமான கோபுரங்களும் பெரிய மதில்களும் பிற்காலத்தவை. நடுவில் அடக்கமாக இருப்பதுதான் அவர் காலத்துத் திட்டத்தின் இடம். ஆழத்துப் பிள்ளையாரைப் படியிறங்கிக் கும்பிட்டேன். முழங்கால் வலிக்காரர்கள் இறங்கும்முன் ஏறுவதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கையேட்டில் இல்லாத, இருந்திருக்க வேண்டிய மூன்று செய்திகளைத் திரும்பும் வழியில் வடலூர் வரை பேசிக்கொண்டு வந்தோம்.

திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக மாற்றியபோது, அங்கே கிடந்த பழைய கல்வெட்டுகளின் வாசகம் அழிய மாதேவியார் விடவில்லை. புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். அப்படி வெட்டியவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்பு வருகிறது. நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ கொடுத்த விளக்குக்கும் நிலத்துக்கும் உரிமை அழியக்கூடாது என்ற கவலை அது. என் மேசையில் 'உண்மை நகல்' என்று எத்தனை ஆயிரம் தாளில் முத்திரை குத்தியிருப்பேன். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் அதைக் கல்லில் குத்தியிருக்கிறார் என்று தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோயில் கட்டியவர்கள் பலர். தாய்ப்பத்திரத்தைத் தொலைக்காமல் கட்டியவர்கள் குறைவு. நம் காலத்தில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் மணலை வேகமாக வீசித் தேய்த்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டாவது கோனேரிராசபுரம் என்கிற திருநல்லம். கணவர் பெயரில் எடுப்பித்த கோயில் அது. கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடுவதாக ஒரு சிற்பமும் உண்டு. தில்லையைப் பாடி ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற அரசர் அவர். அந்தக் கோயில் வேலையை நின்று நடத்தியவரின் பெயரும் கல்லில் இருக்கிறது: ஆலத்தூர் சாத்தன் குணபத்தன். பட்டமும் கொடுத்திருக்கிறார்கள். கொத்தனார் கூலியைப் பாக்கி வைக்கிற வீட்டுக்காரர்களைத்தான் எனக்கு நிறையத் தெரியும்.

மூன்றாவது, நாகப்பட்டினம் பக்கத்தில் அவர் பெயரிலேயே உள்ள செம்பியன் மாதேவி ஊர். அங்கே உத்தம சோழனின் தேவியர் பலர், மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டையில் அன்னம் பாலிக்க அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்கள் சேர்ந்து தர்மம்! முப்பத்தொரு ஆண்டுகளில் அப்படி ஒரு பத்திரத்தை நான் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் வரவும் இல்லை. இதைச் சொன்னதும் வேனில் எழுந்த சிரிப்பு குளிர்சாதனச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இறங்கும் முன் பிசினில் வார்த்த சிறிய மாதேவியார் பொம்மை 450 ரூபாய்க்கு விற்றார்கள். மூக்கு சரியில்லை. வாங்கவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். வேனுக்கும் ஓட்டுநருக்கும் நான்கு, சாப்பாட்டுக்கு நான்கு, கையேட்டுக்கு ஒன்று, கால அட்டவணைக்கு எதுவும் இல்லை. வழிகாட்டித் தம்பிக்குக் காலையில் இரண்டு, மாலையில் நான்கரை. அட்டையில் 'உண்மை உருவம்' என்பதை நீக்கட்டும், 'பேதை'யை முதலில் நீக்கட்டும். விருத்தாசலத்தைக் காலை ஏழு மணிக்கு வைத்துக்கொண்டு, திருவக்கரையை மாலைக்குத் தள்ளினால் மூன்று மணி நேரம் மிச்சம். திருநாவலூரில் பத்து நிமிடம் நிற்கவும் முடியும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நாளும் ஊரும் போட்டு, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது தம்பியிடம் கொடுத்தேன். மணி எட்டு ஐம்பது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, 'கடைசியில் சாட்சி கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறீர்களே அம்மா' என்றார். பழக்க தோஷம். லாஸ்பேட்டை அம்மாள் வேன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தாளை வாங்கி, அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.